மண்டலம் முடிய ஐந்து நாள்

அப்பாவின் தலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு மணல் மூட்டைகள். காடாத் துணியில் தைத்து வாயை இறுக்கிக் கட்டிய சின்ன மூட்டைகள். தலை இம்மிகூட அசையக் கூடாது என்பதற்காக வைத்திருந்தார்கள். ஆபரேஷன் வலது கண்ணில்தான், ஆனால் ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே அசையும் என்று இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போன மாதம் எனக்குக் கண்புரை எடுத்தபோது அந்த மூட்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து காலையில் காரில் போனவள், மதியம் ரசம் சாதத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். தலையை ஆட்டலாமா என்று கேட்டதற்கு, "டான்ஸே ஆடுங்கம்மா" என்று சிரித்தார் அந்தச் சின்ன வயசு டாக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் என்ன தப்பு? எங்கள் அத்தை மூன்று வாரம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்த காவல் அவருக்கு எப்படித் தெரியும்?

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் அல்சூரில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு வட்டாரத்தில் குடியிருந்தோம். வட்டாரம் என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள், எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். அப்பா தையற்காரர். கண்டோன்மெண்டில் பட்டாளத்துக்காரர்களுக்கு உடுப்புத் தைத்தவர். எனக்கு நாலு வயது இருக்கும்போது அவருக்கு அம்மை போட்டது. ஆளை விட்டுவிட்டு அம்மை கண்களை எடுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு கருவிழியிலும் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா தன் ஒரே தங்கையை, எங்கள் அத்தையை, தங்கவயலில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது, பேசி முடித்தது, பந்தலில் ஓடியாடியது எல்லாம் அவர்தான். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது அத்தைக்குப் பதினெட்டு வயது. தலை கொள்ளாமல் பூ, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், ஜன்னல் வழியாக அண்ணனுக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டு போனாளாம். அப்பா தன் தங்கையின் முகத்தைப் பார்த்தது அதுதான் கடைசி. மூன்று வருஷம் கழித்து அத்தை திரும்பி வந்தாள். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். அப்பா வாசலுக்கு வந்து அவள் முகத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றியில் கை வந்ததும் நின்றுவிட்டது. "நான் பார்த்து வெச்ச எடம்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அத்தைதான் காரணம். அவள் துணியை வெட்டுவாள், அப்பா விரலால் ஓரம் பிடித்து மிஷினில் ஓட்டுவார். தலையணை உறை, உள்பாவாடை, பள்ளிக்கூடத்துப் பை, நேர்த்தையல் எல்லாம். அண்ணனும் தங்கையும் வாயைத் திறந்தால் வட்டாரமே சிரிக்கும். "அண்ணா, நீ தச்ச பாவாடையைக் கட்டிக்கினு போனவ ஏரியைச் சுத்திச் சுத்தி வராளாம், நேரா நடக்க முடியலியாம்" என்பாள் அத்தை. "நீ வெட்டனதை நான் தச்சேன், போய் உன் கத்திரிக்கோலைக் கேளு" என்பார் அப்பா.

செத்துப்போனவர்களின் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து, வெள்ளை விழுந்த கண்ணில் வைத்துத் தைக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அத்தைதான் அப்பாவை மார்க்கெட் பக்கம் இருந்த கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேர் எழுதிவிட்டு வந்தாள். அம்மா பயந்தாள். யார் கண்ணோ, அது என்னென்ன பார்த்ததோ என்று. "நல்லதைப் பார்த்திருந்தா சந்தோஷம், கெட்டதைப் பார்த்திருந்தா இனிமே நம்ம வூட்டைப் பார்த்து ஆறிக்கட்டும்" என்றாள் அத்தை. எட்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளில் வந்து, கண் கிடைத்திருக்கிறது, குளித்துவிட்டு உடனே கிளம்புங்கள் என்றார். ஜட்கா வைத்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குக் கைக்குழந்தை, என் தம்பி. அதனால் வார்டில் அப்பாவோடு இருக்க அத்தை போனாள்.

இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. இதுதான் சட்டம். வார்டு சிஸ்டர் கன்னடத்தில், "நகபேடி, அளபேடி" என்று போகும்போதும் வரும்போதும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். சிரிக்காதே, அழாதே. மூக்கு வைத்த கிண்ணத்தில் கஞ்சியை அப்பாவின் வாயில் சிறுகச் சிறுக ஊற்றுவாள் அத்தை. கொசு உட்கார்ந்தால் இவள் விரட்ட வேண்டும், மூக்கு அரித்தால் இவள் சொறிய வேண்டும். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் அவள் வாயை அடக்குவதுதான். ஒருநாள் நான் தூக்கில் ரசம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் கட்டுப் போட்ட கண்ணோடு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று அப்பா கேட்டார். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல அண்ணா, ஆயாம்மாவைப் பொண்டாட்டின்னு நெனச்சிக்கினு, கொழம்புல உப்பு இல்லன்னு திட்டறாரு. ஆயாம்மாவும் பதிலுக்குப் புருஷனைத் திட்டற மாதிரியே திட்டுது" என்றாள். அப்பாவின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அத்தை பதறிப்போய் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்காத அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவுது, கண்ணு பூடும்!" அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, பேசாம காவி கட்டிக்கினு போயிருக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி, உன் மூஞ்சி இப்போ எப்படிக்கீது?" என்று கேட்டார்.

"இருந்த எடத்துலதான் கீது."

"கட்டு அவுத்தா மொதல்ல உன்னத்தான் பார்ப்பேன்" என்றார் அப்பா. குரல் இழுத்துக்கொண்டு போயிற்று. "நான்தானே உன்ன அந்த ஊர்ல கொண்டுபோய்..." அவர் மோவாய் நடுங்குவதைப் பார்த்ததும் அத்தை சட்டென்று ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவில் இருவரும் ஏதோ பேசினார்கள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். பேசி முடித்ததும் அத்தை தன் இரண்டு புடவையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஒக்கலிபுரத்துக்குக் கிளம்பினாள். அங்கே அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எங்கள் பெரியப்பா, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். ஏன் போகிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல முழிக்கிற முகம் மங்களமா இருக்கணும்டி. ஒரு மண்டலம் போவட்டும், வருவாங்க" என்றாள் அம்மா. நாற்பத்தெட்டு நாள். விஷயம் புரிந்தது. தாலியில்லாதவள் முகம் ஆகாது. மூன்று வாரம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியவளை வெளியே தள்ளிவிட்டாள் என்று எனக்கு அம்மா மேல் வந்த வெறுப்பை எழுத்தில் சொல்ல முடியாது. பதின்மூன்று வயதில் வெறுப்புக்கு ஏது குறைச்சல்?

மறுநாள் அம்மா முகத்துக்கு மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, தட்டில் கண்ணாடியும் பழமும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். சிஸ்டர் தட்டை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார். தையலை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டதும் அப்பா வெகுநேரம் சிமிட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "மஞ்சளா, வட்டமா என்னமோ தெரியுது" என்றார். "அது நான்தாங்க" என்றாள் அம்மா. வார்டே சிரித்தது. அப்பா சிரிக்காமல், "தங்கச்சி எங்க?" என்று கேட்டார்.

பெரியப்பா வீட்டு மருமகளுக்குப் பிரசவ நேரம், உதவிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தோம். நாளுக்கு நாள் பார்வை தெளிந்தது. வீட்டுக்கு வந்தவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் பார்த்து, "இவ்ளோ உசரமா நீ? என் கையில நீ இன்னும் சின்னப் பொண்ணாதான்டி இருந்த" என்றார். தான் தைத்த பாவாடையை விரித்துப் பார்த்துவிட்டு, அந்த ஏரியைச் சுற்றியவள் மேல் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மிஷின் மேல் அத்தை வெட்டி வைத்துவிட்டுப் போன துணிகள் இருந்தன. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓரத்தை ஒரு விரல்கடை ஒரு விரல்கடையாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு மடித்து வைப்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுப்பார். யாரையும் அதைத் தைக்க விடவில்லை. வீட்டில் அவளுடையது என்று பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

ஐந்தாவது வாரம் அவரால் தாங்க முடியவில்லை. அம்மா ரேஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, "வாடி, ஒக்கலிபுரம் போயிட்டு வந்துடலாம். பஸ்ஸுல குலுங்காம உக்காந்துக்கறேன்" என்றார். பஸ் போர்டை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த குதூகலத்தைச் சொல்லி முடியாது. "அவ என்னை அடையாளம் தெரியாம முழிக்கணும், நான்தாண்டி மொதல்ல கூப்புடுவேன். நீ வாயைத் தெறக்காத" என்று எனக்குக் கட்டளை வேறு.

தண்டவாளத்தை ஒட்டின சந்தில் தெருக் குழாயடியில் பெண்கள் கூட்டம். அதைத் தாண்டித்தான் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டத்தில் அத்தை இருந்தாள். நான் பார்ப்பதற்கு முன்பே அவள் எங்களைப் பார்த்துவிட்டிருந்தாள். அண்ணன் ஒரு கையைக்கூடப் பிடிக்காமல், கல்லையும் சாக்கடையையும் தானாகத் தாண்டி நடந்து வருவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, நிறையாத குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சந்து ஒரு ஆள் அகலம். வேறு வழியில்லை, எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே என்று. என்னால் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதோரம் நரைத்திருந்தது, அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அப்பா சுவரோரமாக ஒதுங்கி நின்று, "போம்மா" என்றார். அத்தை போனாள். சந்து முனையில் நின்று, நாங்கள் பெரியப்பா வீட்டுக்குள் நுழையும்வரை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிற கேள்வி அதுதான். ஒரே ஒரு சொல், "அத்தை" என்று கூப்பிட்டிருந்தால் போதுமே. பெரியம்மா, அத்தை மல்லேஸ்வரத்தில் யாரையோ பார்க்கப் போயிருக்கிறாள் என்று மழுப்பினாள். அப்பா ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எழுந்தார்.

மறுவாரம் நான் மட்டும் போய் அத்தையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவைக் கண்டபடி திட்டினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். "அண்ணி மேல பழி போடாதடி, நாக்கு அழுகிப்பூடும். அவங்க ஒரு வாரம் போதும்னாங்க, நான்தான் ஒரு மண்டலம்னு சொன்னேன்" என்றாள். "டாக்டரைக் கேட்டேன், எவ்ளோ நாள் அழக் கூடாதுன்னு. கட்டு பிரிச்சும் ஒண்ணரை மாசம் ரெண்டு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்னாரு. உங்கப்பா மனசுல நான் பூ வெச்சிக்கினு ரயில்ல ஒக்காந்திருக்கிற பொண்ணு. இந்தக் கோலத்துல என்னப் பார்த்தா அந்த மனுஷன் அழாம இருப்பானா? ஆறு வருஷமா தன்னைத்தானே திட்டிக்கினு இருக்கிறவன். அழுது அழுது கண்ணைக் கரைச்சிக்குவான்டி. தச்ச எடம் நல்லா ஒட்டிக்கட்டும். பதினோரு நாள்தான், நான் எண்ணிக்கினுதான் இருக்கேன். அப்புறம் ரெண்டு பேரும் குந்தி வேண்டியமட்டும் அழுவறோம்." அம்மா ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான்தான் சொல்ல வேணாம்னேன். நீ அப்பாகிட்ட ஒளறிடுவ" என்றாள்.

மண்டலம் முடிய ஐந்து நாள் இருந்தது. அப்பா காலையில் எழுந்து, வெளிச்சம் குத்துகிறது என்றார். கண் சிவந்திருந்தது. ஓரத்திலிருந்து பனி மூடுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்து விட்டார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி படுக்க வைத்தார்கள். சில உடம்பு அடுத்தவர் சதையை ஏற்றுக்கொள்ளாது, யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டே வாரத்தில் கண் பழையபடி வெள்ளை. அவர் அழவும் இல்லை, குலுங்கவும் இல்லை. சொன்ன பத்தியம் ஒன்றைக்கூட மீறவில்லை. அது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அத்தை மூட்டையோடு வந்து நின்றாள். அவள் கால் சத்தத்தைக் கேட்டதும் அப்பா கையை நீட்டினார். "வந்துட்டியா? வா, குந்து. இனிமே தாராளமா அழலாம், டாக்டர் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வட்டாரத்துப் பெண்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் போய் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மிஷின் ஓடியது. அப்பா எடுத்து எடுத்துப் பார்த்து மடித்து வைத்த துணிகளைத்தான் முதலில் தைத்தார்கள். கேலியும் திரும்பி வந்தது. குழாயடி விஷயத்தை அத்தை அவரிடம் சொல்லவே இல்லை. என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எட்டு வருஷம் கழித்து மார்வலியில் அவள் போகும்வரை அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் அப்பா மிஷின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். "நாப்பத்து மூணு நாள் கண்ணு இருந்துச்சி. ஊரையெல்லாம் பார்த்தேன், அவளைப் பார்க்கலியே" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழாயடி, குடம், முக்காடு, அவள் தலையை ஆட்டியது, நான் ஊமையாக நின்றது, அவள் சொன்ன காரணம், எல்லாவற்றையும். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"அவ என்னப் பார்த்தாளா?" என்றார் அப்பா.

"முனையில நின்னு பார்த்துக்கினே இருந்தாங்கப்பா. நீ வூட்டுக்குள்ள போற வரைக்கும்."

"எம்மூஞ்சிக்கு நேராத்தானே வந்தா?"

"நேராத்தான்பா. கையை நீட்டினா தொட்டிருக்கலாம். நீதானே வழி விட்ட? மூஞ்சி ஞாபகம் இல்லியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"மூஞ்சியை எங்கடி பார்த்தேன்? பொம்பளைங்க தண்ணி புடிக்கிற எடம். கண்ணு இல்லாதவன்னா எங்க வேணாலும் நடக்கலாம், கண்ணு வந்தவன் மரியாதையா நடக்க வேணாமா? தலையைக் குனிஞ்சிக்கினேன். காலைத்தான் பார்த்தேன். பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சி. மெட்டி இல்ல. எந்த வூட்டுப் பொண்ணோ, பாவம்னு நெனச்சேன்."